புகார் எழுதும் முன்பும் எழுதிய பின்பும்: உயர்கல்வி வளாகங்களில் சாதியப் பாகுபாட்டை எதிர்கொள்ள ஒரு சட்ட வழிகாட்டி

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2015 டிசம்பரில் தம் துணைவேந்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். தலித் மாணவர்கள் அவ்வளாகத்தில் நடத்தப்படும் விதத்தைக் கசப்போடு எடுத்துரைத்த கடிதம் அது. 2016 ஜனவரி 17 அன்று அவரை நாம் இழந்தோம். மும்பை டோபிவாலா தேசிய மருத்துவக் கல்லூரியில் முதுநிலை பயின்ற பழங்குடி மருத்துவர் பாயல் தத்வி 2019 மே 22 அன்று இறந்தார். மூத்த மாணவியரின் துன்புறுத்தல் குறித்து முன்னரே கல்லூரித் தரப்பிடம் முறையிட்டிருந்ததாக அவருடைய குடும்பத்தினர் கூறினர். சேலம் மாவட்டத்திலிருந்து ஐதராபாத்துக்கு இயற்பியல் ஆய்வு செய்யச் சென்று 2008இல் இறந்த செந்தில்குமாருக்கு நெடுநாள் வரை ஆய்வு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. அதே சேலத்திலிருந்து தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் சென்ற முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச்சில் இறந்தார்.

இவற்றை நிறுவனப் படுகொலைகள் என்று நாம் அழைப்பது வெறும் முழக்கம் அன்று. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கவே இல்லை என்று பல நேரங்களில் சொல்ல முடியாது. சொன்னார்கள், எழுதினார்கள், பெற்றோரை அனுப்பியும் முறையிட்டார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் இருக்கவில்லை. 'எங்களுக்கு எந்தப் புகாரும் வரவில்லை' என்று பின்னர் சொல்லிவிடும் வசதி நிறுவனங்களுக்கு எப்போதும் இருந்தது. அந்த வசதியைப் பறிப்பதுதான் நாம் எழுதும் புகாரின் முதல் வேலை. குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது அதற்குப் பின்னர் வருவது. இரண்டுக்கும் மேலாக, பாதிக்கப்பட்ட மாணவர் உயிரோடும் மனநலத்தோடும் படிப்பை முடித்து வெளியே வரவேண்டும்.

இந்த மூன்று நோக்கங்களையும் மனத்தில் கொண்டு, தமிழ்நாட்டின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அவர்களோடு நிற்கும் தோழர்களுக்கும் பயன்படும் வகையில் சட்டத்தில் உள்ள வழிகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பாகுபாடு என்று சட்டம் எதைச் சொல்கிறது?

எங்களிடம் வரும் மாணவர்கள் பலர், 'சாதிப் பெயரைச் சொல்லித் திட்டவில்லையே, இதைப் புகாராகச் சொல்ல முடியுமா?' என்ற ஐயத்தோடுதான் பேசத் தொடங்குகிறார்கள். முடியும். பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட, உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான விதிமுறைகள் பாகுபாட்டை மிக விரிவாக வரையறுக்கின்றன. வகுப்பில் ஒரு மாணவரை இடஒதுக்கீட்டுப் பிரிவினர் என்று அடையாளப்படுத்துவது, அவர் பின்தங்கியதற்கு அவருடைய சாதியே காரணம் என்பதுபோலப் பேசுவது, பிற மாணவர்களுக்கு ஒதுக்கும் நேரத்தை அவருக்கு ஒதுக்க மறுப்பது, ஆய்வகத்தில் வேலை தராமல் சும்மா நிறுத்தி வைப்பது, மதிப்பெண்ணையோ தேர்வு முடிவையோ உதவித்தொகையையோ நிறுத்தி வைப்பது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் பிரித்து வைப்பது ஆகியவை அவ்விதிமுறைகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட பாகுபாடுகள். சாதி, மதம், மொழி, இனம், பாலினம், உடற்குறை ஆகிய எந்த அடிப்படையிலான பாகுபாட்டுக்கும் அவை பொருந்தும்.

கிறித்தவத் தலித் மாணவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் மிக முக்கியமானது. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. எனவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிறித்தவத் தலித்துகளுக்கு மறுக்கப்படுகிறது. அந்த அநீதிக்கு எதிரான போராட்டம் தனியே தொடர்கிறது. ஆயினும் 2012 விதிமுறைகளின்படி வளாகத்துக்குள் புகார் அளிக்க அவர்களுக்குத் தடையேதும் இல்லை.

இந்த விதிமுறைகள் நடைமுறையில் காகிதத்திலேயே கிடந்தன. அவற்றைச் செயல்படுத்தக் கோரி ரோகித்தின் தாய் ராதிகா வெமுலாவும் பாயலின் தாய் ஆபிதா தத்வியும் 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர். அவ்வழக்கின் அழுத்தத்தால் மானியக் குழு 2026 ஜனவரியில் புதிய விதிமுறைகளை அறிவித்தது. அவற்றுக்கு எதிர்ப்பு எழுந்து, அதே மாதம் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிமுறைகளே தொடரும் என்றது. எனவே 'புதிய விதி நிறுத்தப்பட்டுவிட்டது, ஆகையால் இப்போது எந்த விதியும் இல்லை' என்று எந்த நிர்வாகியாவது கூறினால் அது உண்மையன்று.

முதல் சில நாள்கள்: குறிப்பேடும் சான்றுகளும்

பாகுபாடு பெரும்பாலும் ஒரே நாளில் நிகழ்ந்து முடிவதில்லை. சிறு சொற்களாக, கையொப்பமிடாத படிவங்களாக, தள்ளிப்போடப்படும் சந்திப்புகளாக அது சேர்கிறது. ஆகவே முதல் நிகழ்விலிருந்தே ஒரு குறிப்பேடு தேவை. நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகிய ஐந்தையும் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதைவிட, அன்றன்று எழுதிய குறிப்புக்கு விசாரணையில் கூடுதல் மதிப்பு உண்டு.

வாய்மொழியாக நடப்பதை எழுத்துக்கு மாற்றும் எளிய வழி ஒன்றும் உண்டு. நெறியாளர் சந்திக்க மறுத்தால் அன்று மாலையே அவருக்குப் பணிவான ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். 'இன்று முற்பகல் 11 மணிக்கு ஆய்வேட்டின் இரண்டாம் இயலுடன் தங்களைக் காண வந்தேன். இன்று இயலாது என்றீர்கள். அடுத்து எப்போது வரலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.' இத்தகைய மூன்று நான்கு மின்னஞ்சல்கள், பதிலின்றிக் கிடந்தாலும், நாளை ஒரு வரலாற்றைச் சொல்லும்.

வாட்சப் செய்திகளையும் ஒலிப்பதிவுகளையும் திரைப்படமாகப் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. அவை உள்ள கைப்பேசியை விற்கவோ அழிக்கவோ கூடாது. 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் முன்வைக்கச் சான்றிதழ் தேவைப்படும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. சாதிச் சான்றிதழ், சேர்க்கை ஆணை, உதவித்தொகை ஆணை, வருகைப் பதிவு, முன்னேற்ற அறிக்கைகள் ஆகியவற்றின் நகல்களை வளாகத்துக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது.

புகாரை எழுதும் முறை

நாங்கள் படிக்க நேர்ந்த புகார்களில் பல, நியாயமான கோபத்தால் நிரம்பியவை. ஆனால் ஒரு நிகழ்வைக்கூட முழுமையாகச் சொல்லாதவை. 'என் நெறியாளர் தொடர்ந்து என்னைச் சாதிரீதியாக இழிவுபடுத்துகிறார்' என்ற வாக்கியம் உண்மையாக இருக்கலாம். விசாரணைக்குழு அதை 'பொதுவான குற்றச்சாட்டு' என்று ஒரே வரியில் தள்ளிவிடும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'இம்மாதம் 12ஆம் தேதி முற்பகல் சுமார் 11 மணிக்குத் துறை ஆய்வகத்தில், என்னுடன் ஆய்வு செய்யும் இருவர் முன்னிலையில், நெறியாளர் என்னிடம், கோட்டாவில் வந்தவர்கள் இந்தக் கருவியைத் தொட வேண்டாம் என்றார். அன்றுமுதல் இன்றுவரை எனக்கு அக்கருவியைப் பயன்படுத்த அனுமதி இல்லை.' இப்போது குழு யாரை அழைத்துக் கேட்க வேண்டும், எந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பது புகாரிலேயே இருக்கிறது.

புகாரில் நிகழ்வுகளுக்கு வரிசை எண் இடுங்கள். கேட்ட சொற்களை, அவை எவ்வளவு இழிவானவையாக இருந்தாலும், கேட்டபடியே எழுதுங்கள். சாட்சிகளைக் குறிப்பிடும் முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இறுதியில் என்ன வேண்டும் என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள்: விசாரணை, நெறியாளர் மாற்றம், கருவியைப் பயன்படுத்த அனுமதி, நிறுத்தப்பட்ட உதவித்தொகை, விசாரணை முடியும்வரை எதிர்தரப்பினர் என் தாளைத் திருத்தவோ மதிப்பிடவோ கூடாது என்ற உத்தரவு. கேட்காததை எந்தக் குழுவும் தராது.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் கையொப்பமும் பெறுங்கள். அலுவலகம் மறுத்தால் அங்கே வாதாட வேண்டியதில்லை. அன்றே பதிவாளரின் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். சேர்ப்புச் சான்று கிடைக்கும் வகையில் தபாலிலும் அனுப்புங்கள். அந்த ஒப்புகைதான் கடிகாரத்தை ஓடத் தொடங்கவைக்கிறது.

வளாகத்துக்குள் உள்ள கதவுகள்

ஒரே புகாரைப் பல இடங்களில் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். எந்த அமைப்புக்கு என்ன அதிகாரம், எவ்வளவு காலம் என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது எளிது.

பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர்: 2012 விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவும், மூத்த ஆசிரியர் ஒருவர் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலராகவும் இருக்க வேண்டும். புகார் கிடைத்த 60 நாள்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். முடிவு தவறென்றால் நிறுவனத் தலைவரிடம் 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இந்த அலுவலரை நியமிப்பவர் நிறுவனத் தலைவர்தான் என்பது இம்முறையின் பெரும் பலவீனம். துறைத்தலைவருக்கு எதிரான புகாரை அவருடைய சக பேராசிரியர் விசாரிக்கும் நிலை வரலாம். அப்படியிருந்தால் அதைப் புகாரிலேயே எழுதி வேறொருவரைக் கோர வேண்டும்.

மாணவர் குறைதீர்ப்புக் குழு: மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள்மீதான பாகுபாட்டையும் குறைகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளன. இக்குழு 15 வேலை நாள்களுக்குள் தன் அறிக்கையை அளிக்க வேண்டும். நிறைவில்லையெனில் 15 நாள்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். மதிப்பெண், சான்றிதழ், உதவித்தொகை போன்ற, நாள் கடந்தால் பயனற்றுப்போகும் சிக்கல்களுக்கு இந்த வழி விரைவானது.

பகடிவதைத் தடுப்புக் குழு: 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1997இல் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. மானியக் குழு தன் 2009 விதிமுறைகளை 2016இல் திருத்தி, சாதியின் பெயரால் உடலையோ மனத்தையோ துன்புறுத்துவதையும் பகடிவதை என்று வரையறுத்தது. மூத்த மாணவர்களின் சாதிய வசவுக்கும் விடுதிக் கொடுமைகளுக்கும் இது வலுவான வழி. நடந்தது குற்றம் என்று தெரிந்தால் நிறுவனத் தலைவரே 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் பதிய வேண்டும். தேசியப் பகடிவதை எதிர்ப்பு உதவி எண் 1800 180 5522 எந்நேரமும் இயங்குகிறது.

உள்ளகப் புகார்க் குழு: பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டமும் மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் பொருந்தும். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். மாணவர் தொடர்பான வழக்கில் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். புகாரை நிரூபிக்க இயலவில்லை என்பதற்காக மட்டும் புகார் அளித்த பெண்மீது நடவடிக்கை எடுக்க முடியாது. தலித் பெண்களின் புகாரில் சாதியைக் கழற்றிவிட்டுப் பாலியல் பகுதியை மட்டும் விசாரிக்கும் வழக்கம் உண்டு. எனவே இரண்டையும் ஒரே புகாரில் தெளிவாக எழுதி, அதன் நகலைப் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலருக்கும் அனுப்புங்கள். பட்டியலினப் பெண்ணிடம் பாலியல் நோக்கோடு நடந்துகொள்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தனிக் குற்றம்.

ஐ.ஐ.டி. போன்ற, தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் நிறுவனங்களில் உள்ளமைப்புகளின் பெயரும் விதியும் மாறுபடலாம். அங்குள்ள பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவை அணுக வேண்டும். கீழே நாம் சொல்லும் குற்றவியல் சட்டம் எல்லா வளாகங்களுக்கும் ஒன்றே.

காவல் நிலையத்துக்குச் செல்லும்போது

1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கல்லூரி மதிலுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. 3(1)(ஆர்) பிரிவு, பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. 3(1)(எஸ்) பிரிவு, அத்தகைய இடத்தில் சாதிப் பெயரால் வசைபாடுவதைக் குற்றமாக்குகிறது. வகுப்பறை, ஆய்வகம், உணவுக்கூடம் ஆகிய இடங்களில் பிறர் முன்னிலையில் நடந்தது இந்த வரையறைக்குள் வரும். பேராசிரியரின் அறையில் இருவர் மட்டும் இருக்கையில் சொல்லப்பட்டது சிக்கலானது. நான்கு சுவர்களுக்குள் சாட்சியின்றி நடந்தது பொதுப்பார்வை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியது. உடனிருந்தவர்களின் பெயரை அன்றே குறித்துக்கொள்ளுங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் வழக்குப் பதியாமல் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவது வழக்கம். அது மனுவைப் பெற்றதற்கான சான்று மட்டுமே. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. 'முதலில் விசாரித்துவிட்டுப் பதிகிறோம்' என்ற பதிலும் வரும். மூன்று முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இடமளிப்பதை அவர்கள் காட்டலாம். ஆனால் 2018இல் சேர்க்கப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 18அ பிரிவு, வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை உறுதிசெய்தது. மற்றச் சட்டங்கள் முரண்பட்டால் இச்சட்டமே மேலோங்கும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. இவ்விரு பிரிவுகளையும் மனுவிலேயே எழுதிச் செல்லுங்கள்.

நிலைய அலுவலர் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாயின் ஆணையர் அலுவலகத்துக்கு, எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். அதன் பின்னும் பதியாவிட்டால் நீதிமன்றத்தை நாடலாம். கடமையைச் செய்யாத, பட்டியலினத்தவர் அல்லாத அரசு ஊழியரை 4ஆம் பிரிவு குற்றவாளியாக்குகிறது. தகவலைப் படித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்குவதும், நகல் தராததும் அக்கடமைத் தவறுகளில் அடங்கும். விசாரணை அலுவலர் காவல் துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அவர் 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிந்ததிலிருந்தே நிவாரணத் தொகை தவணைகளாகக் கிடைக்க வேண்டும் என்பதும் விதியில் உள்ளது. அதை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுங்கள்.

15அ பிரிவை ஒவ்வொரு தோழரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். எதிர்தரப்பின் பிணை மனு உள்ளிட்ட நீதிமன்ற நடவடிக்கைகள் பற்றி அறிவிப்புப் பெறவும், அவற்றில் தம் தரப்பைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு அது உரிமை தருகிறது. தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் துணையைப் பெறுவதும் அப்பிரிவு தரும் உரிமையே. 'நீங்கள் யார், ஏன் கூட வந்தீர்கள்?' என்று நிலையத்தில் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

வளாகத்துக்கு வெளியே

அரசியலமைப்பின் 338ஆம் உறுப்பின்படி இயங்கும் தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கும், 338அ உறுப்பின்படி இயங்கும் பழங்குடிகள் ஆணையத்துக்கும் ஆள்களை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் 2021இல் மாநில ஆணையமும் அமைக்கப்பட்டுள்ளது. ஆணையத்தின் ஒரு கடிதம், ஆறுமாதம் அசையாத பதிவாளர் அலுவலகத்தை அசைக்கக்கூடும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் வன்கொடுமை வழக்குகளுக்கான கண்காணிப்புக் குழுவும் இருக்கிறது. வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று எவரும் பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவு, வருமான வரம்பு ஏதுமின்றிப் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவியை உரிமையாக்குகிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கான அலுவலகம் உண்டு. உதவி எண் 15100. 60 நாள் கடந்தும் முடிவு வராவிட்டால், புகாரைக் குறித்த காலத்துக்குள் முடிக்க உத்தரவிடக் கோரி 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்விலோ மதுரை அமர்விலோ நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். முத்திரையிட்ட அந்த ஒப்புகை நகல் அங்கே முதல் ஆவணமாகும்.

பழிவாங்கல் வரும், எதிர்பார்த்திருங்கள்

வருகைப்பதிவு திடீரெனக் குறையும். விடுதி அறை மாற்றப்படும். ஆய்வேடு 'தரமில்லை' என்று திரும்பும். பெற்றோருக்குத் தொலைபேசி போகும். ஊரில் உள்ள பெரியவர் ஒருவர் வழியாகச் சமரசத் தூது வரும். ஒவ்வொன்றையும் புதிய நிகழ்வாகக் கொண்டு, பழைய புகாரின் எண்ணைக் குறிப்பிட்டுத் துணைப் புகாராக அனுப்புங்கள். பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில், விசாரணை முடியும்வரை எதிர்தரப்பினர் புகாரளித்தவரின் தேர்வையோ ஆய்வையோ மதிப்பிடாதவாறு தடுக்க 2015 விதிமுறைகள் இடமளிக்கின்றன. அதே இடைக்காலப் பாதுகாப்பைச் சாதியப் புகாரிலும் கேளுங்கள். மறுத்தால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சமரசத்தாளில் கையொப்பமிடும் முன் ஒருநாள் அவகாசம் கேளுங்கள். 'புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்று யார் சொல்லியும் அறைக்குள்ளேயே அமர்ந்து எழுதிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல புகாரையும் அந்த ஒரு வரி வீழ்த்திவிடும்.

துணை நிற்பவர்கள் செய்ய வேண்டியவை

ஒரு மாணவர் புகார் கொடுத்த மறுநாள் வளாகத்தில் அவரைச் சுற்றி ஒரு வெற்றிடம் உருவாகிறது. உணவுக்கூடத்தில் பக்கத்து இருக்கை காலியாகிறது. நேற்றுவரை பேசியவர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி கடந்து போகிறார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்புவதே தோழமையின் முதல் கடமை. விசாரணைக்கு அழைக்கப்படும் நாளில் ஒருவர் உடன் சென்று வெளியே காத்திருக்கட்டும். ஒருவர் கோப்பைப் பராமரிக்கட்டும். ஒருவர் காலக்கெடுக்களைக் கணக்கிடட்டும். ஒருவர் வீட்டாரோடு பேசட்டும். இன்னொருவர் வழக்கைப் பற்றியே பேசாமல் அவரோடு தேநீர் குடிக்கட்டும்.

பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் பெயரையோ படத்தையோ புகார் நகலையோ எங்கும் பகிரக்கூடாது. நல்லெண்ணத்தோடு பகிர்ந்தாலும் தீங்கு தீங்கே. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கசிவு இழைக்கும் காயம் அவ்வளவு பெரியது என்பதை நீதிமன்றமே ஏற்றது. போராட்டத்தை அறிவிப்பதா, எப்போது, எந்தப் பெயரில் என்ற முடிவுகள் பாதிக்கப்பட்டவருடையவை. அவர் வழக்கைத் தொடர விரும்பாவிட்டால் அதையும் மதிக்க வேண்டும். இயக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது என்பதற்காக ஒருவரின் வாழ்க்கையை நாம் பயன்படுத்தலாகாது.

உறக்கமின்மை, உணவு வெறுப்பு, 'நான் இருந்தால் எல்லோருக்கும் சுமை' போன்ற பேச்சு, பொருள்களை வழங்கிவிடுதல் ஆகியவற்றைக் கண்டால் அவரைத் தனியே விடாதீர்கள். சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் உருவாகிவிடாது. பேசுவதற்கு அது வழிவிடும். டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் 104, சென்னை சிநேகா 044-24640050 ஆகிய எண்களில் தமிழில் பேசலாம். மனநல உதவி பெறுவது புகாரைப் பலவீனப்படுத்தாது. மருத்துவக் குறிப்பு தீங்கின் அளவுக்குச் சான்றாகவும் ஆகலாம். ஆனால் ஆலோசகரிடம் அனுப்பிவிட்டோம் என்று சொல்லி விசாரணையைத் தவிர்க்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. தில்லி ஐ.ஐ.டி.யில் 2023இல் இறந்த பட்டியலின மாணவர்கள் இருவரின் பெற்றோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முதல் தகவல் அறிக்கை பதிய உத்தரவிட்டது. உயர்கல்வி மாணவர் தற்கொலைகளை ஆராயத் தேசியப் பணிக்குழு ஒன்றையும் அமைத்தது. இத்தகைய மரணங்களை மாணவரின் தனிப்பட்ட மனச்சோர்வு என்று மட்டும் கணக்கெழுதி முடிக்க முடியாது என்பதை அந்த உத்தரவு காட்டுகிறது.

இந்தக் கல்வியாண்டிலேயே செய்யக்கூடியது

நெருக்கடி வந்தபின் தேடத் தொடங்கினால் தாமதமாகிவிடும். ஒவ்வொரு வளாகத்திலும் மாணவர் அமைப்பு ஒன்று இப்போதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு அனுப்பட்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் காலம் 30 நாள். ஐந்து கேள்விகள் போதும். பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் யார், எப்போது நியமிக்கப்பட்டார்? சமவாய்ப்புப் பிரிவின் உறுப்பினர்கள் யார்? கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை புகார்கள் வந்தன? எத்தனை 60 நாள்களுக்குள் முடிக்கப்பட்டன? மாணவர் குறைதீர்ப்புக் குழுவில் பட்டியலின உறுப்பினர் யார்?

'அப்படியொரு அலுவலர் நியமிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அதுவே ஓர் ஆவணம். அதை வைத்து நியமனம் கோரலாம், ஆணையத்துக்கு எழுதலாம், நீதிமன்றம் செல்லலாம். நியமிக்கப்பட்டிருந்தால் அவர் பெயரையும் அறை எண்ணையும் மின்னஞ்சலையும் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஜூன் மாதத்தில் பெட்டியும் படுக்கையுமாக முதன்முதலாக ஊரைவிட்டு வந்து இறங்கும் முதலாமாண்டு மாணவர், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதை அன்று மாலையே அந்தப் பலகையில் படித்திருக்க வேண்டும்.